ரிச்சி யார், சார்?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறப்போவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும், சென்ற வாரம் அலுவலகத்தில் நடந்த ஒன்றை உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி, சி என்ற கணினி மொழியில் எழுதிய பழைய நிரல் ஒன்று ஓடும்போதே பாதியில் நின்றுவிடுகிறது என்று வந்தாள். இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்ததில், எழுத்துச்சரம் இங்கே முடிகிறது என்று காட்ட அதன் கடைசியில் வரவேண்டிய சுழிக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, நினைவகத்தில் ஒரு பைட் இடம் ஒதுக்காமல் விட்டிருந்தது தெரிந்தது. "ரிச்சி வைத்த இந்தச் சுழியில் நாங்கள் எல்லோருமே ஒருமுறையாவது தடுக்கி விழுந்திருக்கிறோம்" என்றேன். "ரிச்சி யார், சார்?" என்று கேட்டாள். மிகத் திறமையான பெண். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவாள். நாள் முழுக்க அவள் கை புழங்கும் கிட், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் அந்த மென்பொருள், 2005-இல் அவர் எழுதியது அல்லவா?

2011 அக்டோபர் உனக்கு நினைவிருக்கும். ஐந்தாம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தபோது செய்தித்தாள்களெல்லாம் அவர் முகத்தோடு வந்தன. ஒரு வாரம் கழித்து டென்னிஸ் ரிச்சி நியூ ஜெர்சியில் தம் வீட்டில் இறந்து கிடந்தார். பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்சனோடு சேர்ந்து யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கி, பின்னர் சி மொழியையும் தந்தவர் அவர். ஐபோனின் இயங்குதளமே அந்த யுனிக்ஸின் வழிவந்ததுதான். அன்றிரவு நீ தொலைபேசியில் அழைத்து, "நம் வாத்தியார் போய்விட்டார்" என்றாய்.

நமக்கு அவர் வாத்தியார் ஆனது, பெல் ஆய்வகத்தில் உடன் பணியாற்றிய கெர்னிகனோடு சேர்ந்து சி மொழியைப் பற்றி அவர் எழுதி 1978-இல் வெளிவந்த அந்த நூலால்தான். ஒரு குறி புரியாவிட்டால் கேட்பதற்கு விடுதியில் ஆளில்லை, மறுபடியும் அதே பக்கத்துக்குத்தான் திரும்பினோம். அப்படித் திரும்பும்போதெல்லாம் அட்டையில் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. இந்தப் பெண்ணுக்கு ஐயம் வந்தால் தேடியதும் விடை வந்துவிடுகிறது, அதை எழுதியவர் யார் என்று பார்க்க அவளுக்குத் தேவையே இல்லை.

ஆனாலும் அவள்மீது எனக்கு வருத்தமில்லை. நம் பேராசிரியர் ஜான் பேக்கஸ் பெயரை எவ்வளவு பக்தியோடு சொல்வார்! எந்திர மொழியில் எண் எண்ணாக எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு, கணக்குச் சூத்திரத்தை ஏறக்குறைய அப்படியே எழுதலாம் என்று 1957-இல் ஃபோர்ட்ரான் மொழி வழி திறந்தது. ஐபிஎம்மில் அந்தக் குழுவை நடத்தியவர் பேக்கஸ். பேராசிரியர், நிரலைத் துளைகளாகப் பதித்த அட்டைகளின் கட்டைச் சுமந்துபோய் வரிசையில் நின்ற கதையைச் சொல்ல, நாமோ மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். 2007-இல் பேக்கஸ் மறைந்தபோது நாம் ஒருவருக்கொருவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

ரிச்சி நூலின் நம் ஜெராக்ஸ் பிரதி உன்னிடம்தானே இருக்கிறது? நினைவக முகவரியைச் சுட்டும் பாயின்ட்டர்களைப் பற்றிய ஐந்தாம் அத்தியாயத்தின் ஓரங்களில், பென்சிலால் நீ கட்டம் கட்டமாக வரைந்து அம்புக்குறி போட்டிருப்பாய். அந்தப் பெண் படிக்கக் கேட்கிறாள். கட்டங்களை அழிக்காமல் அப்படியே கூரியரில் அனுப்பிவை.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்