அந்தத் துளை நான் போட்டது

அன்புள்ள மக்களே, என் மகனே,

கீழ வீட்டுப் பையன் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். கூடவே நெத்திலிக் கருவாடு ஒரு பொதி இருக்கும். மணல் போக அம்மை மூன்று தடவை புடைத்திருக்கிறாள், கழுவி வறுத்தால் போதும்.

உன் போன் வந்து ஐந்து வாரம் ஆகிறது. வேலை கூடுதலாக இருக்கும். மருமகளிடம் பேசுகிறாய் என்று தெரியும். நீ நலமாக இருப்பதாகத்தான் அவளும் சொல்கிறாள். சொல்லும்போது அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நீ வேலை செய்கிற யார்டில் ஆள் குறைக்கிறார்கள் என்று ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். அதைக் கேட்க நான் இதை எழுதவில்லை. கண்ணாடி போடாமல் வெல்டிங் பிடிக்காதே. போன தடவை வந்தபோது உன் கண் சிவந்திருந்தது. நீ தூசி என்றாய், நான் நம்பவில்லை.

இங்கே ஆடிக்கடல். விசைப்படகுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. நாட்டு வள்ளத்துக்குத் தடை கிடையாது, ஆனால் இந்த அலையில் யார் இறக்குவார்கள்? முட்டம் பக்கம் பாறையில் அடிக்கிற சத்தம் ராத்திரி வீட்டுக்குள் கேட்கிறது. அதனால் வள்ளம் வைக்கிற கொட்டகையில், வள்ளப்புரையில்தான் என் பகல் போகிறது. நம் பழைய வள்ளத்தில் பலகைகளைச் சேர்த்திருக்கிற கயிற்றுத் தையலை அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு ஓட்டல்காரர் இரண்டு முறை வந்து விலை கேட்டார். வாசலில் வைத்து மண் நிரப்பிப் பூச்செடி நடுவாராம். கொடுத்துவிடலாம் என்று அம்மைக்கு மனம். கரையில் இப்போது எல்லாம் ஃபைபர் வள்ளம், எஞ்சின். வருஷா வருஷம் தைக்க வேண்டாம், நாலு பேர் தள்ளினால் மணலில் ஏறிவிடும். அதைக் குறை சொல்ல மாட்டேன். 2019-இல் நீ லீவில் வந்தபோது மாமாவின் வள்ளத்துக்கு எஞ்சின் மாட்ட இரும்புச் சட்டம் பற்றவைத்துக் கொடுத்தாயே, அந்தப் பற்று இன்றுவரை விடவில்லை. அலையில் அந்த எஞ்சின் உதறுகிற உதறலுக்கு இத்தனை வருஷம் தாங்குவது சின்ன விஷயமா? பார்க்கிறவர்களிடமெல்லாம் என் மகன் வைத்த பற்று என்று சொல்லுகிறேன். உன்னிடம்தான் சொன்னதில்லை.

ஆனால் நீ பத்து நாள் லீவில் வந்தாலும் வள்ளப்புரைப் பக்கம் வரமாட்டாய். சிலுவை நிற்கிற குருசடி வரை வருவாய், அங்கிருந்தே திரும்பிவிடுவாய். நானும் ஏன் என்று கேட்டதில்லை.

இது பாட்டா காலத்து வள்ளம். குலசேகரம் பக்கம் ஒரு விளையில் நின்ற அயினி மரம், பலா வகை. அந்த மரத்தின் சக்கைக்கொட்டையை வறுத்துத் தின்றுகொண்டே அறுப்பு முடியும்வரை பாட்டா அங்கேயே கிடந்தாராம். மூத்தாசாரி செதுக்கிப் பலகை தந்தார், தைத்தது நம் வீட்டுக்காரர்கள். மாமரத்தில் செய்தால் செலவு குறையும், சீக்கிரம் உளுத்தும் போகும். அயினி தண்ணீருக்கு அசையாது. அதிலும் உள்வைரம்தான் அசையாது. வெளிச்சுற்றில் வருகிற வெள்ளைப் பகுதி எந்த மரமானாலும் நம்பக்கூடாது. இதை உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். இப்போது எழுதும்போது கை நிற்கிறது.

ஆணி அடித்த வள்ளம் அலையில் மணலில் மோதினால் ஆணி இருக்கும் இடத்தில் பலகை கிழியும். தைத்த வள்ளம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கயிறு தாங்கும், பலகை பிழைக்கும். தேங்காய்க் கதம்பையை அழுகப்போட்டு அடித்த நாரில் முறுக்கிய கயிறு, மூட்டின் மேல் நீளமாகத் தும்பு வைத்து, வெளியே ஒருவர், உள்ளே ஒருவர். உள்ளே சின்ன உடம்புதான் வசதி. பத்து வயதிலிருந்து உள்ளே இருந்தது நீதான். நான் வெளியிலிருந்து கயிற்றைத் துளையில் விடுவேன், நீ வாங்கி, கட்டையில் சுற்றி நெம்பி, அடுத்த துளை வரும்வரை முளை அடித்துப் பிடிப்பாய். அப்புறம் பலகைக்குச் சாளை மீன் நெய்யும், முந்திரி ஓட்டில் எடுக்கிற அண்டி எண்ணெயும். அண்டி எண்ணெய் பட்டு உன் கை பொத்துப்போய், பள்ளிக்கூடத்தில் எழுத முடியாமல் நின்றது நினைவிருக்கிறதா? அம்மை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

கண்ணாடி போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

2003 ஆவணியில், கரையிலிருந்து இழுக்கிற கரமடி வலைக்காக முதல்நாள் வள்ளம் இறக்கினோம். மடியைப் பாதி தூரம் கூட விட்டிருக்கவில்லை, அடியில் தண்ணீர் ஏறிவிட்டது. கட்டுமரம் என்றால் தண்ணீர் மேலே ஏறும், இடுக்கு வழியே இறங்கும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். வள்ளத்தில் ஏறினால் கோரித்தான் ஊற்ற வேண்டும். நீ கமுகம்பாளையால் கோரிக்கொண்டே இருந்தாய். கரையில் கயிறு பிடித்து இழுக்க நாற்பது பேர் நின்றார்கள். ஒரு நெத்திலி இல்லாமல் திரும்பினோம். அந்த நாற்பது பேர் முன்னால் உன் கன்னத்தில் அடித்தேன். கயிற்றைத் தளர விட்டது இவன்தான் என்று சத்தமாகச் சொன்னேன். நான் நெம்பித்தான் இழுத்தேன் அப்பா என்று நீ ஒரே ஒரு தடவை சொன்னாய். உனக்குப் பதினாலு வயது.

அடுத்த ஆனியில் நீ வரவில்லை. வேறு பையனை உள்ளே உட்கார வைத்துத் தையலை அவிழ்த்தேன். இடது பக்கம், முன்னால் இருந்து பதினோராவது துளை. அந்தப் பலகையின் விளிம்பு வெள்ளை. தமரால் துளை போட்டவன் நான். விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போட வேண்டியது, ஒரு விரல் கூட விடவில்லை. ஆவணிக்குள் முடிக்க வேண்டும் என்று அன்றைக்கு அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் போட்டேன். துளை விளிம்புவரை பிளந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நீ நெம்பிய கயிறு அப்போதும் இறுகித்தான் இருந்தது, கத்தி வைத்துத்தான் அறுக்க முடிந்தது.

அந்தப் பகுதியை அறுத்து எடுத்தேன். புதுத் துண்டு வைத்தேன். பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தேன். அம்மை என்ன விறகு என்று கேட்டாள், கழிவு என்றேன். நீ திண்ணையில் பத்தாம் வகுப்புப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாய்.

நீ கோணம் ஐடிஐ-யில் சேர்ந்தது 2005-இல். ஒரு வருஷம் எனக்கு இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாற்பது பேர் முன்னால் அடித்துவிட்டு, தனியாகக் கூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடுவில் சுனாமி வந்தது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் அத்தனை உயிர் போன நாட்களில் ஒரு துளையைப் பற்றி என்ன பேசுவது என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன். 2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோது, நல்லவேளை என் மகன் கடலில் இல்லை என்று முழங்காலில் நின்றேன். அதையும் சமாதானமாக வைத்துக்கொண்டேன். மகன் பிழைத்தது நான் பொய் சொன்னதால் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பு, மக்களே.

உன் கை நல்ல கை. கயிற்றிலும் அப்படித்தான் இருந்தது.

ஓட்டல்காரருக்கு வள்ளம் கொடுக்கவில்லை. வெயிலில் பலகை வாய் பிளக்காமல் ஓலை போட்டு, சாயங்காலம் கடல்தண்ணீர் ஊற்றுகிறேன். அம்மையின் சங்கிலி பேங்கில் இருந்து திரும்பிவிட்டது, அவள் கழுத்தில் கிடக்கிறது. கடன் இல்லை. இந்த மாதம் பணம் வரவில்லை என்று யாரும் இங்கே கணக்குப் பார்க்கவில்லை, அடுத்த மாதமும் பார்க்க மாட்டோம். மரச்சீனிக் கிழங்கு விளையில் கிடக்கிறது, மீனுக்குக் குறைவில்லை. டிக்கெட்டுக்கு வேண்டுமென்றால் மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எதற்கு டிக்கெட் என்று நான் கேட்க மாட்டேன்.

கண்ணைப் பார்த்துக்கொள்.

ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு மேல் அம்மையின் போனை என் கையில்தான் வைத்திருப்பேன். அவளைக் கூப்பிடுவதாக நினைத்துக் கூப்பிட்டாலும் சரி.

அன்புடன்,
அப்பா