லோக்கலா அவுட்ஸ்டேஷனா என்று கேட்டாயே

பிறை,
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

டேய் செல்வம்,

எப்படி இருக்கிறாய்? தங்கச்சி, பிள்ளைகள் எல்லாம் சுகம்தானே. நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன், முதல் தடவை ஜூரு நெரிசலில், பாதியில் பின்னால் ஒருத்தன் ஹார்ன் அடித்து உன் பேச்சே கேட்கவில்லை. நானும் குரலிலேயே பதில் அனுப்பலாம் என்று ஆரம்பித்தேன், ஆனால் பேச்சு எங்கேயோ போய்விடுகிறது, உனக்குத்தான் தெரியுமே. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிள்ளானில் மூன்று டன் லோரி ஓட்டி மாதம் 2,800 வெள்ளி எடுக்கிறாய், இப்போது ஒரு கம்பெனி டிரெய்லர் தருகிறேன், போர்ட் கிள்ளான் – பிறை – பாடாங் பெசார் ஓட்டு, ஐயாயிரம் வரும் என்கிறது, போகலாமா என்று கேட்கிறாய். கேட்டதும் கேட்டாய், சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். நான் அதே வெளியூர் ஓட்டத்தில், அவுட்ஸ்டேஷனில், பதினாலு வருஷம் இருந்துவிட்டு ஏழு மாதம் முன்னால்தான் ஊருக்குள் ஓட்டும் லோக்கலுக்கு வந்தேன். நீ போகப் பார்க்கும் வழியில் எதிரே வருகிறவன் நான்.

முதலில் அந்த ஐயாயிரத்தைப் பார்ப்போம். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டாயா? 1,700 என்றுதான் சொல்வார்கள், அதுவும் முதலாளியின் தாராள மனசு இல்லை, 2025 பிப்ரவரியிலிருந்து அரசாங்கம் வைத்த குறைந்தபட்சம். மிச்சமெல்லாம் டிரிப் காசு. டிரிப் காசு என்றால் சக்கரம் ஓடினால்தான் காசு. துறைமுகத்தில் வரிசையில் நிற்கிறாய், கண்டெய்னர் இன்னும் இறக்கவில்லை என்கிறான், நாலு மணி நேரம் போகிறது, அதற்குக் காசு கிடையாது. பிறையில் ஒரு தொழிற்சாலைக்குச் சாமான் கொண்டு போகிறாய், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆள் சாப்பிடப் போயிருக்கிறான், அதற்கும் கிடையாது. ஹரிராயா, சீனப் புத்தாண்டு வந்தால் கனரக வாகனம் ரோட்டில் ஓடக் கூடாது என்று சில நாள் தடை போடுவார்கள், ஊரே விடுமுறையில் சிரிக்கும்போது நீ டிரிப் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து மாதக் கடைசியை நினைத்துக்கொண்டிருப்பாய்.

என்னிடம் ஒரு 555 குறிப்புப் புத்தகம் இருக்கிறது, கடைசி வருஷம் முழுக்க அதில் எழுதிவைத்தேன். வீட்டு வாசலைத் தாண்டிய நேரம், திரும்பி வாசலில் கால் வைத்த நேரம், இவ்வளவுதான். ஒரு சாதாரண மாதம்: பிறை – போர்ட் கிள்ளான் போய்வர 13 டிரிப், ஒவ்வொன்றுக்கும் சுமார் 30 மணி நேரம் வீட்டுக்கு வெளியே, மொத்தம் 390 மணி. கையில் வந்தது 4,700. ரோட்டில் சாப்பிட்ட செலவு 585. கழித்துப் பார், மணிக்குப் பத்தரை வெள்ளி. இப்போது லோக்கலில் 26 நாள், நாளைக்குப் பதினொரு மணி நேரம், 2,900 வெள்ளி, சாப்பாடு வீட்டிலிருந்து டிபன் கேரியரில். மணிக்குப் பத்து வெள்ளி சொச்சம். பதினாலு வருஷம் நான் பெரிய சம்பளக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்டா! வித்தியாசம் சம்பளத்தில் இல்லை, கம்பெனிக்கு நான் கொடுத்த மணிகளில் இருந்திருக்கிறது. அந்த 390 மணியில் ஸ்டியரிங் பிடித்தது 150கூட வராது. மிச்சம் எல்லாம் வரிசை, காத்திருப்பு, கேபினில் கோணலாகப் படுத்த தூக்கம்.

இன்னொன்று, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் பழைய கம்பெனி 1,700க்கு மட்டும்தான் இ.பி.எஃப். சேமநிதி கட்டியது, டிரிப் காசை ஏதோ ஒரு அலவன்ஸ் பெயரில் தனியாகப் போட்டுவிட்டார்கள். முதலாளி பங்கு 13 விழுக்காடு. டிரிப் காசு மூவாயிரத்துக்கு 13 என்றால் மாதம் 390 வெள்ளி. அது வருஷக் கணக்கில் போனது, என் கண் முன்னாலேயே, சம்பளச் சீட்டில் தெளிவாக எழுதித்தான் இருந்தது, நான்தான் அடியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பேன். நீ கையெழுத்துப் போடும் முன்னால் இதைக் கேள். வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்கு.

அப்புறம் 2025 அக்டோபரிலிருந்து வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்குகிறார்களே, அதை நான் குறை சொல்ல மாட்டேன், வர வேண்டியதுதான். ஆனால் உன்னிடம் ஐயாயிரம் என்று சொன்னவர் எந்த வேகத்தில் ஓடிய டிரிப்பை வைத்துக் கணக்குப் போட்டார் என்பதுதான் என் சந்தேகம். பழைய வேகத்தில் போட்ட கணக்கென்றால் மாதம் ஒன்றிரண்டு டிரிப் குறையும்.

சரி, காசுப் பேச்சு போதும். நான் ஏன் விட்டேன் என்று கேட்டாய் அல்லவா, என் பெண்டாட்டிக்கே முழுதாகச் சொன்னதில்லை. 2025 ஏப்ரல், விடியற்காலை நாலரை மணி இருக்கும், சரக்கோடு வடக்கே வந்துகொண்டிருந்தேன். சங்காட் ஜெரிங் பலகையைப் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது குனோங் செமாங்கோல் ஓய்விடத்தின் விளக்குகள். நடுவில் தைப்பிங் வரும், கமுண்டிங் வரும், எதுவும் ஞாபகம் இல்லை. தூங்கினேனா என்றால் தெரியாது, லோரி தன் தடத்தில் நேராகத்தான் வந்திருக்கிறது, யாரையும் இடிக்கவில்லை. அந்த ஓய்விடத்தில் நிறுத்தி இறங்கினேன், கால் நடுங்கியது. பத்து நிமிஷம் ஆகவில்லை, ஆபீசிலிருந்து போன். ஜி.பி.எஸ். பார்க்கிற பையன், “அங்கிள், ஏன் நிறுத்திட்டீங்க, எட்டு மணிக்கு டெலிவரி இருக்கு” என்கிறான். நாலு மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்று அவர்கள் ஆபீஸ் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. பாவம், அவனும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன்தான்.

அதற்கு அடுத்த மாதம்தான் அந்த வாரம். அன்னையர் தினத்தன்று கெரிக் – ஜெலி ரோட்டில் யானைக்குட்டி லோரியில் அடிபட்டு அடியில் மாட்டிக்கொண்டு செத்தது, தாய் யானை லோரியில் தலையை முட்டிக்கொண்டு நகராமல் நின்ற வீடியோ, நீயும்தான் பார்த்திருப்பாய். இரண்டு நாள் கழித்துத் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரியும் கலகம் அடக்கும் போலீஸ்காரர்களின் எஃப்.ஆர்.யு. டிரக்கும் மோதி ஒன்பது பேர் போய்விட்டார்கள். கெரிக் ரோட்டில் நான் எத்தனை இரவு கோத்தா பாருவுக்குப் போயிருக்கிறேன். மஞ்சள் பலகையில் யானைப் படம் போட்டிருக்கும், பார்த்துப் பழகி அது கண்ணில் படவே படாது. அந்த வாரம் ஒரு மாமாக் கடையில் தே தாரே குடித்துக்கொண்டிருந்தபோது சுற்றியிருந்த டிரைவர்கள் யாரும் பேசவில்லை. ஜூனில் கடிதம் கொடுத்துவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு லோக்கல் சொர்க்கம் என்று நான் சொல்வதாக நினைக்காதே. லோக்கல் உனக்கே தெரிந்ததுதான், ஆனால் உன் ஷா ஆலம் கிடங்குகளில் லோரியைப் பின்னால் விட்டால் ஃபோர்க்லிஃப்ட் இறக்கிவிடும். இங்கே தீவுக்குள் வந்து பார். காலை ஆறே காலுக்குப் பினாங்குப் பாலத்தில் ஏறுவேன். 1985இல் பாலம் திறந்தபோது உன் அப்பா நம் இரண்டு பேரையும் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனாரே, பதின்மூன்றரை கிலோமீட்டரும் நீ வாயைத் திறந்தபடி வந்தாய், அதே பாலம்தான், இப்போது தினமும் என் பொறுமையைச் சோதிக்கிறது. ஜார்ஜ்டவுனில் பழைய கடை வீடுகள், லோரி நிறுத்த இடம் கிடையாது, இரட்டை வரிசையில் நிறுத்திவிட்டு ஓட வேண்டும், சம்மன் வந்தால் பாதி என் தலையில். கூட வந்து சாமான் தூக்கும் கெலிண்டான் கிடையாது, ஆள் குறைத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு இருபது கடை. சமையல் எண்ணெய்ப் பெட்டி இருக்கிறதே, ஒரு கிலோ பாக்கெட் பதினேழு அடங்கியது, அதை ஐந்தடி நடைபாதைப் படியில் தூக்கி ஏற்றும்போது இடது முழங்கால் டக் என்று சொல்லும். எண்பதாவது பெட்டிக்கு மேல் அது சொல்வதைக் கேட்கக்கூட நேரம் இருக்காது.

போன வாரம் ஒரு மளிகைக் கடையில் எல்லாம் இறக்கிவிட்டேன், டெலிவரிச் சீட்டான டி.ஓ.வில் கடை முத்திரை, அதாவது சாப், அடிக்க வேண்டும், சாப் இருக்கும் டிராயரின் சாவி கடைக்கார அக்காவிடம், அக்கா கோயிலுக்குப் போயிருக்கிறாள். வெறும் கையெழுத்து கம்பெனியில் செல்லாது. நாற்பது நிமிஷம் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து, “தம்பி, பசியாறினீங்களா?” என்று கேட்டு ஒரு கோப்பி ஓ கொடுத்ததும் கோபப்படவும் முடியவில்லை. அவுட்ஸ்டேஷனில் இந்த வம்பு இல்லை. ஒரே சரக்கு, ஒரே சீட்டு, ஒரே சாப். வேலை கண்ணிலும் இடுப்பிலும் முடிந்துவிடும். லோக்கலில் முழங்கால், தோள், வாய், எல்லாவற்றையும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த ரோடு ஞாபகம் வருகிறது. ஈப்போ பக்கம் விடியும்போது சுண்ணாம்பு மலைகளின் இடுப்பு வரை பனி நிற்கும், ரேடியோவை அணைத்துவிட்டு நான் பாட்டுக்குப் பாடிக்கொண்டு வருவேன், கேட்க ஆள் இல்லை, திட்டவும் ஆள் இல்லை. இப்போது நான் பாடினால் சிக்னலில் பக்கத்துக் கார்க்காரன் கண்ணாடியை ஏற்றுகிறான்.

வீடு என்று சொல்வாய். தினமும் வீட்டுக்கு வருகிறேன், சரிதான், ஏழரைக்கு வந்தால் எட்டரைக்கு டிவி முன்னால் வாயைப் பிளந்து தூங்கிவிடுகிறேன். சின்னவளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன் என்று உட்கார்ந்தவன் பென்சிலைப் பிடித்தபடி தூங்கியதை அவள் படம் எடுத்து வைத்திருக்கிறாள். பெண்டாட்டிக்குப் பதினாலு வருஷம் நான் இல்லாத வீட்டு வழக்கம் பழகிவிட்டது, “நீங்க இருந்தா சாமானெல்லாம் இடம் மாறுது” என்கிறாள். வந்த முதல் வாரத்தில் பக்கத்து வீட்டில் நின்றவரிடம், “பழைய சீன அங்கிள் எங்கே?” என்று கேட்டேன். அவர் வீடு மாறிப் போய் எட்டு மாதம் ஆகிறதாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதனால் போகாதே என்று சொல்ல மாட்டேன். உனக்கு 46 வயசு, பெரியவன் காலேஜ், காசு வேண்டும், புரிகிறது. போனால் காத்திருக்கும் நேரத்துக்கு மணிக்கு எவ்வளவு என்று கேள், டிரிப் காசுக்கும் இ.பி.எஃப். உண்டா என்று கேள், தூக்கம் வந்து நிறுத்தினால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கேள். மூன்றாவதுக்கு அவர்கள் சிரித்தால் எழுந்து வந்துவிடு. இராத்திரி ஓட்டம் வேண்டாம், கிள்ளான் – ஈப்போ பகல் ஓட்டம் இருந்தால் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் அதை எடு.

இன்னொன்று, நீ மூன்று டன்னிலேயே பழகியவன், அதனால் சொல்கிறேன். தெற்கே வரும்போது மெனோரா சுரங்கம் தாண்டியதும் ஜெலாப்பாங் இறக்கம் வருகிறதே, காரில் வந்தால் அது ஒன்றுமே இல்லை. முப்பது, நாற்பது டன் முதுகில் இருக்கும்போது அது வேறு ரோடு. இறங்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடு, பாதி இறக்கத்தில் குறைக்கப் பார்த்தால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வாய். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு அதன் சத்தத்தைக் கேள், வண்டியை அதுதான் பிடித்திருக்க வேண்டும். கால் பிரேக்கைத் தொட்டபடியே வராதே, ஒரு அழுத்து அழுத்தி வேகம் இறங்கியதும் விட்டுவிடு, மறுபடி ஏறினால் மறுபடி. ஏர் கேஜில் ஒரு கண். கருகின வாடை வந்தால் அது முன்னால் போகிறவனுடையது என்று நினைத்துக்கொள்ளாதே, என் முதல் வருஷத்தில் நான் அப்படித்தான் நினைத்தேன், கீழே வந்து ஓரம் கட்டிப் பார்த்தால் என் பின் சக்கரத்திலிருந்துதான் புகை.

தைப்பூசத்துக்கு இங்கே தண்ணீர்மலைக்கு வருகிறாயா, இல்லை வழக்கம்போல் பத்துமலைதானா? வந்தால் நம் வீட்டில் தங்கு, அந்த ஒரு நாள் லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். வரும்போது அந்தக் கம்பெனி கொடுத்த தாளையும் எடுத்து வா, இரண்டு பேரும் உட்கார்ந்து அடி வரை படிப்போம். என் பழைய கேபின் மெத்தையை இன்னும் தூக்கிப் போடவில்லை, ஸ்டோரில் சுருட்டி வைத்திருக்கிறேன், கம்பெனி கொடுப்பதைவிட நல்லது. வேண்டுமென்றால் உனக்குத்தான்.

குணா