செத்த சாளையும் பைக் மீனும்

ஈலி, இங்கிலாந்து
ஜனவரி, ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. குளம் பெருகி மறுகால் பாய்கிறது என்று எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தேன். சின்னவன் தவளை கோர்த்து விரால் பிடிக்கப் பழகிவிட்டானாமே, ரொம்ப சந்தோஷம். அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். மகள் வேலை கிடைத்து நார்விச் போய்விட்டதால் வீடுதான் வெறிச்சென்று கிடக்கிறது.

‘உயிர்த் தவளைக்கே யோசிச்சு யோசிச்சு வாய் வைக்குது விரால். அங்க செத்த மீனுக்கு வேட்டை மீன் எப்படில வரும்?’ என்று கேட்டிருந்தாய். நானும் முதலில் நம்பவில்லை. பைக் என்பது நம்ம ஊளி மாதிரி நீண்ட உடம்பும் வாத்து மூக்கு மாதிரி தட்டையான வாயும் உள்ள ஆற்று மீன். நாணல் ஓரத்தில் அசையாமல் கிடந்து, பக்கத்தில் போகும் மீன்மேல் பாயும். ஆனால் தண்ணீர் நாலைந்து டிகிரிக்கு இறங்கிவிட்டால் அதற்குத் துரத்தத் தெம்பு வராது. அடியில் செத்துக் கிடப்பதை வாசம் பிடித்துத் தேடிவந்து எடுக்கும். அதற்கு எண்ணெய் கசியும் கடல் மீன்தான் தோது: சாளை, அயிலை, ஹெர்ரிங். ஸ்மெல்ட் என்று ஒரு சின்ன மீனும் உண்டு. முகர்ந்தால் அச்சு அசல் வெள்ளரிப் பிஞ்சு வாசம்!

சாளை சதை இளகியது. வீசும்போதே பிய்ந்து பறந்துவிடும். அதனால் ஃப்ரீசரில் ஒவ்வொன்றையும் நேராகக் கிடத்தி உறைய வைத்து, கட்டியாகவே கொண்டுபோவேன். கோர்த்த பிறகு வாலடியில் எலாஸ்டிக் நூலைப் பத்துச் சுற்றுச் சுற்றுவேன். அயிலைக்கு அது வேண்டாம், தோல் கெட்டி.

பைக்கின் வாயில் நூற்றுக்கணக்கான பற்கள். வெறும் தூண்டில் நரம்பை ஒரே இழுப்பில் அறுத்துக்கொண்டு, முள்ளோடு போய்ச் சாகும். அதனால் கடைசி அரை மீட்டருக்காவது 28 பவுண்டு தாங்கும் எஃகுக் கம்பி கட்டாயம். கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ட்ரெபிள், அதாவது நங்கூரம் போல மூன்று முனை உள்ள முள். எண் 6 போதும். நுனிக்குக் கீழே கழலவிடாமல் பிடிக்கும் சின்னப் பல் இருக்குமே, இரையில் குத்தும் முனையைத் தவிர மற்ற இரண்டிலும் அதைக் குறட்டால் நசுக்கிவிடுவேன்.

கோர்க்கும் முறையில்தான் முக்கிய விஷயமே இருக்கிறது. மேல் ட்ரெபிளின் ஒரு முனையை வாலின் அடிக்கட்டையில் நன்றாக ஏற்ற வேண்டும். வீசும் பாரத்தைத் தாங்குவது அதுதான். கீழ் ட்ரெபிளை, கம்பி வளையாதபடி, அதே பக்க விலாவில் லேசாக மாட்டினால் போதும். வால் நம் பக்கம், தலை அந்தப் பக்கம். பைக் இரையைக் குறுக்கே கவ்வி, பிறகு திருப்பித் தலைப்பக்கமாகத்தான் விழுங்கும். அப்படி விழுங்கும்வரை முட்கள் வாயோரமாகவே இருக்கும். அந்த நேரத்தில் இழுத்தால் இரை கழன்று, முள் தாடையில் ஏறும்.

விழுங்குவதற்கு முந்தி இழுத்துவிட வேண்டும், மாப்ள. இதை நான் ஒரு மீனைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

இங்கே வந்த முதல் குளிர்காலம். ஊஸ் ஆற்றில் சாய்ந்து நின்ற தக்கை மெல்ல நகர்ந்தது. விராலுக்கு நாம் என்ன செய்வோம்? நரம்பை விட்டுக்கொடுத்து, ‘முழுங்கட்டும், முழுங்கட்டும்’ என்று எண்ணிக்கொண்டு நிற்போம். அதேபோல் நாற்பதுவரை எண்ணினேன். கரைக்கு வந்த மீன் என் கை நீளம் இருந்தது. இரண்டு ட்ரெபிளும் தொண்டைக்குக் கீழே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஓடிவந்து, செவுள் வழியாகக் குறட்டை நுழைத்து முள்ளை வெட்டி எடுத்தார். என்னை ஒரு சொல் திட்டவில்லை. தண்ணீரில் விட்டபோது அது வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அரைமணி நேரம் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று நிமிர்த்திப் பிடித்திருந்தேன். கடைசியில் நழுவிப் போனது. பிழைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாம் பிடித்தது குழம்புக்கு, அதனால் விழுங்கினால் நல்லது. இங்கே பிடிப்பது திருப்பி விட. சட்டப்படி 65 சென்டிமீட்டருக்கு உட்பட்டதில் நாளைக்கு ஒன்று எடுக்கலாம். ஆனால் பைக்குக்கென்றே தூண்டில் போடுகிறவர்கள் அனேகமாக ஒன்றைக்கூட எடுப்பதில்லை. பெரிய மீன்கள் எல்லாம் பெட்டைகள். பார்ப்பதற்கு அவ்வளவு கொடூரமாக இருக்கும் மீன், கரையில் பச்சைப் பிள்ளை மாதிரி. நனைத்த பாயில் கிடத்தி, செவுள் மூடிக்குள் விரலை விட்டு, சிவந்த செவுளைத் தொடாமல் தாடையை உயர்த்தினால் வாய் தானாகத் திறக்கும். நீளமான இடுக்கியும் கம்பி வெட்டும் குறடும் இல்லாமல் இப்போது நான் வீட்டைவிட்டு இறங்குவதே இல்லை.

தக்கை அசைந்ததும் நரம்பைச் சுற்றி இறுக்கி உடனே இழுத்துவிடுகிறேன். பத்தில் மூன்று தப்பிவிடும். தப்பட்டும். நேற்றுக் காலை ஒன்று வந்தது, பன்னிரண்டு பவுண்டு. ஒரு முனை மட்டும் கீழ்த்தாடை ஓரத்தில். கழற்றி விட்டதும் வாலை ஒரு வீசு வீசி என் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போனது. அந்த ஈரத்தைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 14-ஆம் தேதியோடு ஆற்றில் தூண்டில் போடுவதை மூன்று மாதத்துக்கு நிறுத்திவிடுவார்கள். அதற்குள் எட்டு சனிக்கிழமை இருக்கிறது. சின்னவன் விராலுக்குத் தவளையை எப்படிக் கோர்க்கிறான் என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. தொடையிலா முதுகிலா?

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

உன் கூட்டாளி