மேஜையின் ஆழத்தை அளந்து அனுப்பு

அன்புள்ள பாப்பா,

உன் செய்தி வந்தது. "அம்மா, லேப்டாப்புக்கு ஒரு மானிட்டர் வாங்கணும், எது நல்லது?" மூன்று வாரம் கழித்து வந்த முதல் செய்தி அது. உங்களிடம்தான் ஏற்கெனவே ஒரு பெரிய மானிட்டர் இருந்ததே என்று பதில் எழுதப் போனேன். அது மாப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு நீ வாங்கிக் கொடுத்தது என்பது பாதியில் நினைவுக்கு வந்தது. எழுதியதை அழித்துவிட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய், அதனால் கடிதம்.

இங்கே எல்லாரும் சுகம். தம்பி வேலை மாறுகிறான், அதை அப்புறம் எழுதுகிறேன்.

முதலில் உன் கழுத்து. கடைசியாக நீ வீடியோவில் வந்தபோது எனக்குத் தெரிந்தது உன் முகவாயும், அதற்கு மேலே மின்விசிறியும்தான். கட்டிலில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்திருந்தாய். இல்லை என்று சொல்லாதே, தலையணை உறை தெரிந்தது. லேப்டாப்பில் ஸ்கிரீனும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும். கழுத்துக்கு வசதியாகத் தூக்கி வைத்தால் தோள் வலிக்கும். மானிட்டர் வாங்குவதில் எனக்குத் தெரிந்து முதல் லாபம் இதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அதனால் எல்லாரும் முதலில் பார்க்கும் ஸ்கிரீனை நீ இரண்டாவதாகப் பார். முதலில் ஸ்டாண்டைப் பார். விலை குறைந்த மானிட்டர்களில் பெரும்பாலும் முன்னும் பின்னும் சாய்க்க மட்டும்தான் முடியும், உயரத்தை மாற்ற முடியாது. ஏறி இறங்கும் ஸ்டாண்டாக வாங்கு. நிமிர்ந்து உட்கார்ந்தால் ஸ்கிரீனின் மேல் விளிம்பு உன் கண் மட்டத்திலோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ இருக்கவேண்டும். கையை நீட்டினால் விரல் நுனி ஸ்கிரீனைத் தொடும் தூரம். பிடித்துப்போன மாடலில் அப்படி ஸ்டாண்ட் இல்லையென்றால், பின்பக்கம் 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நாலு திருகுத் துளை இருக்கிறதா என்று பார். இருந்தால் மானிட்டரைத் தாங்கிப் பிடிக்கும் கை (ஆர்ம்) ஒன்றைப் பிறகு வாங்கி அதில் மாட்டிக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் இருக்கவே இருக்கின்றன உன் பழைய அகராதிகள், அடியில் அடுக்கு.

அடுத்தது அளவு. நீ மூலத்தை ஒரு பக்கமும் மொழிபெயர்ப்பை ஒரு பக்கமும் வைத்து வேலை செய்கிறவள், உனக்கு 27 இன்ச் சரி. 24-ல் இரண்டு பக்கமும் இடித்துக்கொள்ளும். 32 வாங்கினால் ஓரத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும், மேஜையும் ஆழமாக இருக்கவேண்டும்.

ஆனால் 27 என்று மட்டும் சொல்லி வாங்காதே. நான் அப்படித்தான் ஏமாந்தேன். போன முறை நான் வாங்கிய 27 இன்ச், 1920க்கு 1080 புள்ளிதான், அதாவது அகலத்தில் 1920, உயரத்தில் 1080 பிக்சல். 24 இன்சில் நன்றாகத் தெரிகிற அதே இருபது லட்சம் புள்ளிகளை 27-க்கு இழுத்துப் பரப்பியிருக்கிறார்கள். இன்ச்சுக்கு 82 புள்ளிதான் வருகிறது. ஆங்கிலம் எப்படியோ ஓடிவிடும். தமிழ் அப்படியில்லை. சின்ன எழுத்தில் ன எது, ண எது என்று சுழியை எண்ண வேண்டியிருந்தது. மெய்யெழுத்தின் மேல் புள்ளி வட்டமாக இல்லை, குட்டிச் சதுரமாக உட்கார்ந்திருந்தது. முப்பது வருஷம் புரூஃப் பார்த்த கண்ணுக்கு அது முள். திருப்பிக் கொடுக்கும் நாளும் தாண்டிவிட்டது. இன்றும் அதில்தான் வேலை செய்கிறேன், என்னைப் போல் செய்யாதே.

27-க்குக் குறைந்தது 2560க்கு 1440 வேண்டும். இன்ச்சுக்கு 109 புள்ளி வரும், எழுத்தை அளவு மாற்றாமலே படிக்கலாம். கையில் காசு இருந்தால் 4கே, அதாவது 3840க்கு 2160 உள்ளதை வாங்கு. 163 புள்ளி வரும். விண்டோஸில் அளவை 150 சதவீதம் என்று வைத்தால் இடம் 1440 அளவுக்குத்தான் இருக்கும், எழுத்து மட்டும் அச்சில் பார்ப்பது போலத் தெரியும். உன் லேப்டாப் மேக் என்றால் 4கே பக்கமே போ. 2018-இல் வந்த மேக் மென்பொருளிலிருந்து எழுத்தின் ஓரத்தைத் துல்லியமாகக் காட்டும் பழைய வித்தையை எடுத்துவிட்டார்கள், புள்ளி குறைந்த மானிட்டரில் எழுத்து கொஞ்சம் புகைந்த மாதிரி இருக்கும். இப்போது நீ வைத்திருப்பது எந்த லேப்டாப் என்றுகூட எனக்குத் தெரியவில்லை பார். முன்பெல்லாம் நீ மவுஸ் வாங்கினால்கூடப் படம் அனுப்புவாய்.

உன் மொழிபெயர்ப்பு வந்ததைப் பார்த்தேன். நீ சொல்லவில்லை, தம்பிதான் அனுப்பினான். இரண்டு தடவை படித்தேன். அந்த ஆற்றங்கரைப் பகுதியில் ஒரு வாக்கியம்கூட மொழிபெயர்ப்பு மாதிரி இல்லை. எனக்கு அப்படி எழுத வராது. நான் எழுத்துக் கோக்கத் தெரிந்தவள், அவ்வளவுதான். ஆனால் 4-ஆம் பக்கத்தில் ஒற்று ஒன்றை விட்டிருக்கிறாய். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து வேலை செய்தால் ஒற்று விழத்தான் செய்யும். மேஜையில் உட்கார்.

சரி, வயருக்கு வருகிறேன். கூடிய மட்டும் யூஎஸ்பி-சி உள்ள மானிட்டர் வாங்கு. ஒரே வயரில் படமும் போகும், லேப்டாப்புக்குச் சார்ஜும் ஏறும். உன் சார்ஜரின் முதுகில் எத்தனை வாட் என்று போட்டிருக்கும், 65 என்றால் மானிட்டரும் 65 கொடுக்கிறதா என்று பார். அந்த ஓட்டை இருந்தாலே படம் வரும் என்று நம்பிவிடாதே. சில லேப்டாப்பில் யூஎஸ்பி-சி சார்ஜுக்கும் பென்டிரைவுக்கும் மட்டும்தான். ஓட்டைக்குப் பக்கத்தில் டி, பி சேர்ந்த சின்னக் குறியோ, தண்டர்போல்ட்டின் மின்னல் அம்போ இருந்தால் படம் போகும். குறி இல்லையென்றால் உடனே இல்லை என்று முடிவுகட்டாதே, மாடல் எண்ணைப் போட்டுத் தயாரித்தவர்களின் விவரத்தில் பார்.

வயர் விஷயத்தில் நான் பட்டது தனிக் கதை. போன் சார்ஜரோடு வந்த வயரைப் போட்டுவிட்டு, மானிட்டர் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்வைக்கு முனை ஒன்றுதான், ஆனால் உள்ளே படம் போகும் கம்பிகளே கிடையாது. பெட்டியில் வரும் வயரையே போடு. எச்டிஎம்ஐ வழியாகப் போட்டால் இன்னொன்று. ஓட்டை பழைய 1.4 வகை என்றால் 4கே படம் வினாடிக்கு 30 தடவைதான் மாறும், மவுஸ் அம்பு தண்ணீரில் நடப்பது போல இழுக்கும். 2.0-வோ அதற்கு மேலோ இருந்தால் 60 வரும். நடுவில் போடும் மலிவான அடாப்டர்களிலும் இதே தொல்லை உண்டு.

வினாடிக்கு எத்தனை தடவை படம் மாறும் என்பதைத்தான் ஹெர்ட்ஸ் என்பார்கள். 144 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ் என்பதெல்லாம் கேம் விளையாடுகிறவர்களுக்கு. உனக்கு 60 போதும், 75-ஓ 100-ஓ கூடுதல் விலை இல்லாமல் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதே. ஸ்கிரீன் வகையில் ஐபிஎஸ் வாங்கு, எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. விஏ என்ற வகையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், படம் பார்க்க அழகு. நீ படம் பார்க்கவா கேட்டாய்? ஓஎல்இடி வகையும் வேண்டாம். நாள் முழுக்க ஒரே மெனு ஒரே இடத்தில் நின்றால் காலப்போக்கில் அதன் நிழல் தங்கிவிடலாம்.

வெளிச்சத்தைக் குறைத்தால் சில மானிட்டர்களில் பின்விளக்கு வேகவேகமாக அணைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலை வலிக்கும். அப்படி இல்லாததாக வாங்கு. உனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, அது என்னிடமிருந்து வந்தது. என் பழைய குழாய் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் நடுங்கிக்கொண்டே இருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, கடைக்கண்ணில் தெரியும். இப்போதைய 60-க்குப் பயப்படாதே, இதில் விளக்கு எரிந்துகொண்டே இருக்க, படம்தான் மாறுகிறது. அந்தக் குழாயில் ஒவ்வொரு தடவையும் வெளிச்சமே போய்ப்போய் வரும். 85-க்கு மாற்றலாம் என்பது நாலு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நாலு வருஷம் நான் உங்கள் மேல் எரிந்து விழுந்ததில் பாதி அதனால்தான் என்று சொல்லிக்கொள்வேன்.

அப்புறம், பளபளப்பான கண்ணாடி ஸ்கிரீன் வாங்காதே. மங்கலான மேற்பரப்பு உள்ளதையே வாங்கு. ஜன்னல் உனக்கு முன்னாலும் பின்னாலும் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கிற மாதிரி மேஜையைப் போடு. கண்ணாடி ஸ்கிரீனில் பின்னால் இருப்பதெல்லாம் தெரியும்.

எனக்குத் தெரியும்.

என் அந்தப் பழைய குழாய் மானிட்டர் பளபளப்பான கண்ணாடி. நான் வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பேன். அச்சுக்குப் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரில் வெள்ளைப் பக்கம் திறந்திருக்கும்போது அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் நின்றுபோய், மறுபடி போட்டு, திரை கறுப்பாக இருக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் அறை முழுக்கத் தெரியும். அன்று நீ கதவோரம் நின்றிருந்தாய். ஒரு காலில் செருப்பு, இன்னொரு செருப்பு கையில். வார் அறுந்திருந்தது. நீ கூப்பிடவில்லை. வேலை நேரத்தில் கூப்பிடக்கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். திரை கறுப்பாகத்தான் இருந்தது, எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. திரும்பியிருக்கலாம். திரும்பினால் நீ பேசுவாய், பேசினால் விடிவதற்குள் பக்கங்கள் முடியாது என்று, பார்க்காதது போலத் திரை வெளுப்பதற்காகக் காத்திருந்தேன். வெளுத்ததும் நீ மறைந்துவிட்டாய்.

மறுநாள் காலையில் வாசலில் உன் செருப்பைப் பார்த்தேன். புரூஃப் கட்டும் சணலால் வாரை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாய். உனக்கு ஏழு வயது. நல்ல முடிச்சு. சாயங்காலம் புதுச் செருப்பு வாங்கி அதே இடத்தில் வைத்தேன். எங்கே அறுந்தது, எவ்வளவு தூரம் அப்படியே நடந்தாய் என்று கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. புதியதைப் போட்டுக்கொண்டு போனாய்.

கேட்காமல் வாங்கி வைப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. இந்தக் கடிதமும் அந்த மாதிரிதான் இருக்கிறது, எழுதும்போதே தெரிகிறது. ஆறு பக்கம் மானிட்டர். நீ எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் பாப்பா. நான் இப்போது எந்த நேரத்திலும் வேலையில் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். மானிட்டர் வந்ததும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தையும் ஸ்கிரீன் முழுக்க வைத்து, செத்த புள்ளி இருக்கிறதா என்று பார். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள். பெட்டியைத் தூக்கிப் போடாதே.

இரண்டாவது, மானிட்டர் வந்தபிறகு லேப்டாப்பை மூடி ஓரமாக வைக்கத் தோன்றும். தனிக் கீபோர்டும் மவுஸும் இருந்தால் மூடி வைத்தும் வேலை செய்யலாம்தான். ஆனால் மூடினால் அதில் உள்ள கேமராவும் மூடிவிடும், மானிட்டர்களில் பெரும்பாலும் கேமரா கிடையாது. பக்கத்தில் திறந்தே வை. உன் பக்கவாட்டு முகம்தான் தெரியும், அது போதும் எனக்கு. உனக்கும் ஒரு ஸ்கிரீன் கூடுதலாகக் கிடைக்கும், அகராதியை அதில் போட்டுக்கொள்.

மேஜையின் ஆழத்தை அளந்து அனுப்பு. மூலைக்கு மூலை 27 இன்ச் என்றால் அகலம் 60 சென்டிமீட்டர் வரும், அது எப்படியும் பொருந்திவிடும். ஆழம்தான் கேள்வி. ஸ்டாண்டின் கால் போக, உன் கண்ணுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவில் 60 சென்டிமீட்டராவது வேண்டும். மேஜை சின்னது என்றால் சுவரோரம் பிடிக்கிற கை வாங்கலாம், நான் பார்த்துச் சொல்கிறேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லையென்றால் அதன் மேல் தடித்த அகராதி ஒன்றை வை, நகராது. நான் அப்படித்தான் அளப்பேன்.

அம்மா