வெப்ப அடுக்கில் ஏன் எதுவும் உருகவில்லை? பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

புவியியல் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

நெல்லைப் பக்கம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் வளிமண்டல அடுக்குகள் நடத்தினேன். வெப்ப அடுக்கில் வெப்பநிலை 1500 டிகிரியைத் தாண்டும் என்று வாசித்ததும் ஒரு பையன் எழுந்தான். “அப்போ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற விண்வெளி நிலையம் ஏன் டீச்சர் உருகலை?” எங்கள் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை.

கம்பி மத்தாப்பைச் சொல்லிச் சமாளித்தேன். அதன் பொறி ஆயிரம் டிகிரிச் சூடு. கையில் விழுந்தால் சுருக்கென்பதோடு சரி, ஏனென்றால் பொறி அத்தனை சிறிசு. வெப்ப அடுக்கிலும் இதே கதைதான். சூரியனின் புறஊதாக் கதிரையும் எக்ஸ் கதிரையும் விழுங்கிய அணுக்கள் அங்கே தலைதெறிக்க ஓடுகின்றன. அந்த வேகத்தைத்தான் 1500 டிகிரி என்கிறோம். ஆனால் நிலையம் சுற்றும் உயரத்தில் காற்று, தரையில் உள்ளதைவிடப் பல்லாயிரம் கோடி மடங்கு மெலிந்தது. வந்து மோதிச் சூடேற்ற ஆளே இல்லை. வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு என்று இயற்பியலில் சொல்லிக்கொடுத்துவிட்டு இங்கே விட்டுவிட்டால் எப்படி?

அப்புறம் புத்தகத்தில் உள்ள அடுக்குகளின் படம். அதில் வெப்ப அடுக்கு கோடு போட்ட மாதிரி அசையாமல் நிற்கிறது. உண்மையில் சூரியன் சீறினால் அது பொங்கும், அடங்கினால் சுருங்கும். 2022 பிப்ரவரியில் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை ஏவி, முதலில் 210 கிலோமீட்டர் உயரத்தில் விட்டார்கள். அந்நேரம் பார்த்துச் சூரியன் சீறியதால் காந்தப்புயல், அதாவது புவியின் காந்தப்புலத்தில் ஒரு கலக்கம். பொங்கிய காற்று இழுத்த இழுப்பில் 40 வரை தப்பவில்லை. இதைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை.

எங்கள் தலைக்கு மேலே நடப்பதும் புத்தகத்தில் இல்லை. புவியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு, இந்தப் பக்கமாகத்தான் போகிறது. அதையொட்டிச் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், வெப்ப அடுக்கின் அடிப்பகுதியில், பகலெல்லாம் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ஏவுதளம் அமைத்து 1963 நவம்பர் 21 அன்று நைக்கி அப்பாச்சி ராக்கெட்டை ஏவியதற்கு அந்தக் கோடுதான் காரணம். அந்த மின்னோட்டத்தை ஆராய எங்கள் பக்கத்துக் கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடமும் இருக்கிறது. பிள்ளைகள் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

அடுத்த பதிப்பில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். துருவ ஒளிப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்