நசுங்கிய பின்னங்காலை எடுத்துத்தான் ஆகவேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வண்டியில் சிக்கித் தார்ச்சாலையில் இழுபட்ட நாய்க்குப் பின்னங்கால் கணுக்காலின் உட்பக்கம் தோலும் தசைநாரும் தேய்ந்து எலும்பே தெரியும். பார்த்ததும் காலை எடுத்துவிடச் சொல்கிறார்கள். மூன்று காலில் பல நாய்கள் நன்றாகவே ஓடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் உடல் கனத்த நாய்க்கும், மற்றொரு பின்னங்காலில் ஏற்கெனவே மூட்டுக் கோளாறு உள்ள நாய்க்கும் அது சரிவராது. பாதத்தில் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் இருந்தால், மூட்டை அசையாதபடி இணைத்துக் காலைக் காப்பாற்றலாம்.

இதில் அவசரம் ஆகாது. புண்ணைச் சலைனால் கழுவி, கட்டு மாற்றி, சீழ் நின்று சிவப்பாகப் புதுச்சதை வரும்வரை பொறுப்பது நல்லது. சீழுள்ள இடத்தில், எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தகடான பிளேட்டை வைத்தால் கிருமி அதில் படிந்துகொள்ளும். பிறகு மருந்து எளிதில் எடுபடாது.

அறுவையில் முக்கியமானது மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பை முழுவதும் நீக்குவது. எலும்பில் ரத்தம் கசியும்வரை வேகமாகச் சுழலும் பர் கருவியால் சுரண்ட வேண்டும். சூட்டில் எலும்பு செத்துவிடாமலிருக்கச் சலைன் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குருத்தெலும்பு மிஞ்சிய இடம் சேராது. அசைவு தொடரும், ஸ்க்ரூ தளரும், பிளேட் முறியும். முன்னங்காலில் தோள்மூட்டை ஒட்டிய எலும்பிலிருந்து எடுத்த பஞ்செலும்பை (உள்ளிருக்கும் பஞ்சு போன்ற எலும்பை) இடைவெளியில் அடைத்து, கணுக்கால் 135 முதல் 145 டிகிரி கோணத்தில் நிற்கும்படி பிளேட் பொருத்துவார்கள். அதைவிட நேராக வைத்தால் கால் நீளமாகி, நாய் அதைச் சுழற்றி வைத்து நடக்கும்.

எல்லாக் காயத்துக்கும் முழு மூட்டையும் இணைக்க வேண்டியதில்லை. குதிகாலுக்கு அடியிலுள்ள தசைநார் மட்டும் அறுந்திருந்தால் கணுக்காலின் கீழ்வரிசைச் சிறு மூட்டுகளை இணைத்தால் போதும். கணுக்கால் அசைவில் பெரும்பகுதி மேல்மூட்டில்தான் என்பதால் நடை அதிகம் மாறாது.

பல இடங்களில் காரியம் கெடுவது வீட்டில்தான். அறுவைக்குப் பின் போடும் கட்டுக்கு வெளியே நடுவிரல் இரண்டின் நகங்கள் தெரியட்டும். தினமும் பாருங்கள்: நகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் உள்ளே வீக்கம். விரல் சில்லிட்டாலோ நாற்றம் வந்தாலோ அன்றே கட்டைப் பிரிக்க வேண்டும். தாமதித்தால் பாதத்தின் அடிச்சதை அழுகும். வெளியே போகும்போது கட்டிய பாலிதீன் உறையை வந்ததும் கழற்றிவிடுங்கள்.

நாய் நன்றாக நடக்கிறதே என்று நாலாம் வாரமே அவிழ்த்து ஓடவிடுகிறார்கள். அந்த நடை பிளேட்டின் பலத்தில் வருவது. 6 முதல் 8 வாரத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே, வாரில் பிடித்து நடத்துவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

கால்நடை மருத்துவர்,
சேலம்