முதலில் கிராங்க், அப்புறம் பேரிங்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து மறுபடியும் ஸ்பேனர் பிடிக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். மகள் மேற்படிப்பை முடித்து வேலையில் சேர்ந்துவிட்டாள். எனக்கு மூட்டுவலி விட்டபாடில்லை, ஆனாலும் நடையை விடவில்லை.

சரி, உன் இன்ஜினுக்கு வருகிறேன். ஸ்டாண்டர்டு அளவில் ரேஸிங் பேரிங் செட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டை அளக்கும் முன்னால் எந்த பேரிங்கையும் வாங்காதே. எந்த அளவு, எந்த உலோகம் என்ற இரண்டையும் அந்த ஷாஃப்ட்தான் சொல்ல வேண்டும்.

கழற்றிய பழைய ஷெல்களை, அதாவது பேரிங்கின் அரைவட்டப் பாதிகளை, பத்திரமாக வைத்திருக்கிறாய் அல்லவா? முதலில் அவற்றின் முதுகைப் பார். ஸ்டாண்டர்டு (அரைக்காத கிராங்குக்கானது) என்றோ, 010 (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து) அல்லது 0.25 (மி.மீ.) என்று அரைத்துக் குறைத்த அளவோ முத்திரையாக இருக்கும். அறுபது வருடத்து இன்ஜின் ஒருமுறையாவது பிரிக்கப்பட்டிருக்கும், கிராங்கை ஏற்கெனவே யாராவது அரைத்திருக்கலாம். அப்புறம் உள்பக்கத் தேய்மானம். மேல் ஷெல்லில் ஒரு ஓரமும் கீழ் ஷெல்லில் அதற்கு எதிர் ஓரமும் தேய்ந்திருந்தால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்திருக்கிறது. இரண்டு ஷெல்லும் சேரும் இடத்தருகே மட்டும் பளபளப்பு என்றால் ராடின் துளை வட்டம் கெட்டிருக்கலாம், அல்லது பேரிங்கை மூடிப் பிடிக்கும் கேப் நகர்ந்து உட்கார்ந்திருக்கலாம். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு உசத்தியான பேரிங் போட்டாலும் அதே இடத்தில்தான் தேயும். அதனால் எந்த ஷெல் எந்த இடத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றின் முதுகிலும் எழுதி வை.

அடுத்தது ஜர்னல், அதாவது ஷாஃப்டில் பேரிங் உட்காரும் உருளைப் பகுதி. மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு ஓரங்களிலும், ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு திசைகளிலும் அளந்து எழுது. நீள்வட்டமும் (வட்டம் கெட்டிருப்பது) சரிவும் (ஒரு ஓரம் மெலிந்திருப்பது) கையேட்டில் உள்ள எல்லையைத் தாண்டினாலோ, நகத்தில் தட்டும் அளவுக்குக் கீறல் இருந்தாலோ அரைக்கத்தான் வேண்டும். அரைத்த ஜர்னலுக்கான அண்டர்சைஸ் அளவு 0.25, 0.50, 0.75 மி.மீ. என்று படிப்படியாக இறங்கும். ஷாஃப்டை இன்ஜின் பிளாக்கில் தாங்கும் மெயின் ஜர்னல்களில் ஒன்றே ஒன்று கெட்டிருந்தாலும் எல்லா மெயினையும் ஒரே அளவுக்கு அரைப்பதுதான் வழக்கம், பேரிங் செட்டாகத்தானே வரும். அரைக்கக் கொடுக்கும்போது ஜர்னலின் ஓரத்து வளைவைப் பற்றி அழுத்திச் சொல். அந்த வளைவு சிறுத்தால் ஷாஃப்ட் அங்கேதான் விரிசல் விடும். பெருத்தால் ஷெல்லின் ஓரம் அதில் ஏறி உரசும். நைட்ரைடு செய்த, அதாவது நைட்ரஜனால் மேற்பரப்பைக் கடினமாக்கிய கிராங்காக இருந்தால் கடினத் தோல் மெல்லியது, அரைத்த பிறகு அந்தச் சூடேற்றும் வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

இனி உலோகம். இதில்தான் உன்னோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. மூன்றடுக்கு பேரிங்கில் எஃகு முதுகு, அதன்மேல் செம்பு-ஈயக் கலவை, எல்லாவற்றுக்கும் மேலே ஈயமும் வெள்ளீயமும் கலந்த ஒரு மெல்லிய பூச்சு. அந்தப் பூச்சு ஏறக்குறைய 0.02 மி.மீ. தடிமன்தான், ஆனால் பேரிங்கின் நல்ல குணங்களில் பாதி அதில் இருக்கிறது. எண்ணெயோடு வரும் துகளை அது தன்னுள் புதைத்துக்கொள்ளும், ஷாஃப்ட் சற்றே கோணலாக இருந்தாலும் வளைந்துகொடுக்கும். ரேஸிங் ஷெல்லில் அதிகச் சுமையில் விரிசல் விடாமல் இருப்பதற்காக இந்தப் பூச்சை இன்னும் மெல்லியதாக வைப்பார்கள். விடாமல் உச்ச வேகத்தில் ஓடி, அடிக்கடி பிரித்துப் பார்க்கப்படும் இன்ஜினுக்கு அது சரி. உன் கார் நிதானமாக ஓடப்போவது. பழைய பிளாக்கின் எண்ணெய் வழிகளை எவ்வளவு கழுவினாலும் ஏதாவது துகள் மிச்சமிருக்கும். தேய வேண்டியது பேரிங், காப்பாற்றப்பட வேண்டியது ஷாஃப்ட். பழைய இன்ஜினில் மென்மையை ஒரு குறை என்று நினைக்காதே.

இரண்டடுக்கு அலுமினிய ஷெல்களும் நல்லவைதான். அரிப்பைத் தாங்கும், மேல்பூச்சு தேய்ந்துவிடுமோ என்ற கவலை இல்லை. சிலிக்கான் கலந்த வகை வார்ப்பிரும்பு கிராங்கில் அரைத்த பின் நிற்கும் நுண்ணிய பிசிறுகளைத் தானே தேய்த்துவிடும், ஆகவே வார்ப்பு கிராங்குக்குப் பொருந்தும். உன்னுடையது அடித்துச் செய்த எஃகு கிராங்க் என்று எழுதியிருக்கிறாய், அதற்கு நான் மூன்றடுக்கையே எடுப்பேன். 2000-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆணைக்குப் பிறகு புதிய கார்களின் பேரிங்குகளிலிருந்து ஈயம் படிப்படியாக விலகியது. அதனால் ஒரே பார்ட் நம்பரில் இன்று வருவது பழைய உலோகமாக இருக்க வேண்டியதில்லை, விற்பவரிடம் கேட்டுவிடு. பல வருடம் அலமாரியில் கிடந்த பழைய சரக்கு கிடைத்தால் பூச்சு கறுத்திருக்கிறதா, பொரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்கு.

கிளியரன்ஸுக்கு, அதாவது ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் நடுவில் எண்ணெய் நிற்கும் இடைவெளிக்கு, பொதுக் கணக்கு ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. கையேடு வேறு சொன்னால் கையேட்டைக் கேள். "கொஞ்சம் லூசாக இருந்தால் எண்ணெய் நன்றாக ஓடும்" என்று சொல்பவர்கள் உண்டு. இடைவெளி இரட்டிப்பானால் கசிவு எட்டு மடங்காகும் சேகர், பம்ப் அதற்கு எங்கே போகும்? ஷெல்களை வைத்துக் கேப்பைப் பூட்டி, டார்க் ரெஞ்சில் உரிய அளவுக்கு முறுக்கிய பிறகு துளையை, உள்விட்டம் அளக்கும் போர் கேஜால் அளந்து, ஜர்னல் அளவைக் கழித்துக் கொள். நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழையான பிளாஸ்டிகேஜை அதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள். அதைப் போட்டிருக்கும்போது ஷாஃப்ட் துளிகூடத் திரும்பக் கூடாது.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதே. ஷெல்லின் முனை கேப்பின் முகத்தை விட மயிரிழை உயர்ந்து நிற்கும். அதை அரம் போட்டுச் சமன் செய்துவிடாதே, கேப்பையும் அரத்தால் தொடாதே. அந்த உயரம்தான் முறுக்கும்போது நசுங்கி ஷெல்லை இறுக்கிப் பிடிக்கிறது. ஓரத்தில் இருக்கும் சின்ன நாக்கு ஷெல்லை இடம் பார்த்து உட்கார வைக்க மட்டுமே. மேல் ஷெல்லின் துளை பிளாக்கின் எண்ணெய்த் துளையோடு நேராக இருக்கிறதா என்பதையும் பார். எண்ட் ப்ளே, அதாவது ஷாஃப்ட் நீளவாக்கில் ஆடும் ஆட்டம், கூடுதலாக இருந்தால் அதைக் கட்டுப்படுத்தும் த்ரஸ்ட் வாஷரும் இதே ஆர்டரில் போகட்டும்.

ஜர்னல் அளவுகளையும் பழைய ஷெல்களின் படங்களையும் அனுப்பு. பார்த்துவிட்டு, அரைக்க வேண்டுமா, மெருகு போட்டாலே போதுமா என்று எழுதுகிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்தை மறக்காமல் விடு, கிரைண்டர் பக்கம் கொஞ்ச நாள் போகாதே. வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

உன்,
ராமு